வீட்டு முற்றத்தில் தரைமேல் நீச்சல்குளம்: நிறுவுவதும் நீரைப் பேணுவதும்

கோடை விடுமுறை நெருங்கும்போது இணையக் கடைகளில் பலரும் தேடி வாங்கும் பொருள்களில் தரைமேல் நிறுத்தும் பிரேம் நீச்சல்குளமும் இப்போது சேர்ந்துவிட்டது. பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்தால், குழாய்களைச் சொருகித் தண்ணீரை விட்டுப் பிள்ளைகளை இறக்கிவிட்டால் வேலை முடிந்தது என்றே தோன்றும். குழாய் சொருகும் வேலை உண்மையிலேயே எளிது. இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். உழைப்பு முழுவதும் அதற்கு முன்னும் பின்னும்தான் இருக்கிறது. முன்னால் தரையைச் சமன் செய்ய வேண்டும். பின்னால் தண்ணீரை நாள்தோறும் கவனிக்க வேண்டும். குளம் சிறியது, ஆகவே பராமரிப்பும் சிறியது என்று பலர் எண்ணுகிறார்கள். நடப்பது இதற்கு நேர்மாறானது. இரண்டு லட்சம் லிட்டர் கொண்ட குளத்தில் நான்கு பிள்ளைகள் இறங்கினால் அவர்களுடைய வியர்வையும் தலை எண்ணெயும் கால் மண்ணும் அந்தத் தண்ணீரில் தெரியவே தெரியாது. அதே நால்வர் 4,500 லிட்டரில் ஒரு பிற்பகல் முழுவதும் ஆடினால், அன்று மாலையே தண்ணீரில் குளோரின் மிச்சமிருக்காது.

இந்த வழிகாட்டியில் 10 அடி விட்டமும் 30 அங்குல உயரமும் கொண்ட வட்டமான பிரேம் குளத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன். விளிம்பு வரை ஊற்றாமல் 90 சதவீதம் நிரப்பினால் அதில் ஏறத்தாழ 4,500 லிட்டர் பிடிக்கும். அதே உயரத்தில் 12 அடிக் குளமானால் 6,500 லிட்டர் வரை பிடிக்கும் என்பதால், கீழே சொல்லும் மருந்து அளவுகளை அந்த விகிதத்தில் கூட்டிக்கொள்ளலாம்.

இடத்தைத் தேர்வு செய்தல்

முதலில் எழும் கேள்வி மொட்டைமாடியில் வைக்கலாமா என்பதுதான். கூடாது. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. நம் குளத்தில் தண்ணீர் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் ஆழம் நிற்கும் என்றால், ஒவ்வொரு சதுர மீட்டர் தளத்தின் மீதும் 650 கிலோ அமரும். ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டைமாடிக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ சுமையைத்தான் ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின் இரண்டாம் பகுதி கணக்கில் கொள்ளச் சொல்கிறது. அந்தக் கணக்கில் கட்டிய தளத்தின் மேல் நான்கு மடங்குக்கும் அதிகமான பாரத்தை ஏற்றுவது விளையாட்டல்ல. "மேலே ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிற்கவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தொட்டி தூண்களும் உத்திரங்களும் தாங்கும் இடம் பார்த்து வைக்கப்பட்டது. நீச்சல்குளமோ தளத்தின் நட்டநடுவில் வந்து உட்காரும். கட்டமைப்புப் பொறியாளர் நேரில் பார்த்து எழுத்தில் ஒப்புதல் தராதவரை மாடியை மறந்துவிடுவதே நல்லது.

தரையிலும் எல்லா இடமும் பொருந்தாது. நம் வீடுகளின் முற்றத்தில் தண்ணீர் சம்பும் கழிவுநீர்த் தொட்டியும் பெரும்பாலும் சிமென்ட் மூடிக்குக் கீழே மறைந்திருக்கும். அந்த மூடிகள் ஆள் நடப்பதற்காகப் போடப்பட்டவை. நாலரை டன் பாரத்தை அவை தாங்கா. புதிதாக மண் நிரப்பிய இடம், அண்மையில் பைப்லைன் தோண்டி மூடிய இடம் ஆகியவையும் பாரம் ஏறியதும் அமிழும். தென்னை மரத்தடி நிழலாக இருந்தாலும் தேங்காயும் மட்டையும் விழும் இடம் அது. மேலே மின்கம்பி செல்லக் கூடாது. குளத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்று அடியாவது காலியாக இருக்க வேண்டும். மதிலை ஒட்டி வைத்தால் பிள்ளைகள் மதிலில் ஏறிக் குதிப்பார்கள், பிரேமின் கால்களைச் சரிபார்க்கவும் வழி இராது. காலையில் வெயிலும் பிற்பகலில் நிழலும் விழும் கிழக்குப் பக்கம் கிடைத்தால் குளோரினும் மிச்சமாகும், பிளாஸ்டிக் உறையும் நீண்ட நாள் உழைக்கும்.

தரையைச் சமன் செய்தல்

இந்தப் பகுதியில் காட்டும் பொறுமைதான் குளத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. தண்ணீர் எப்போதும் மட்டமாகவே நிற்கும். தரை சாய்ந்திருந்தால் ஒரு பக்கச் சுவரில் நீர் உயர்ந்து, அந்தப் பக்கத்துக் கால்கள் வெளிப்புறமாகத் தள்ளப்படும். ஒரு விளிம்புக்கும் எதிர் விளிம்புக்கும் இடையே ஓர் அங்குலத்துக்கு மேல் ஏற்றத்தாழ்வு இருக்கக் கூடாது. குறைந்த சாய்வுதானே என்று விட்டால், பிள்ளைகள் அந்தப் பக்கமே சேர்ந்து அலையெழுப்பும் ஒருநாள் பிரேம் மடங்கி, மொத்தத் தண்ணீரும் ஒரே நொடியில் வெளியே பாயும்.

குளத்தின் நடுப்புள்ளி வரும் இடத்தில் ஒரு முளையை அடித்து, அதில் கட்டிய ஆறடிக் கயிற்றைச் சுழற்றி வட்டம் வரைந்துகொள்ளுங்கள். குளத்தின் ஆரம் ஐந்தடிதான் என்றாலும், கால்கள் சற்று வெளியே விரிந்து நிற்பதால் கூடுதலாக ஓர் அடி தேவைப்படும். மட்டம் பார்க்க, கொத்தனார்கள் பயன்படுத்தும் ஒளி ஊடுருவும் டியூப் போதும். அதில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை நடு முளையிலும் மறு முனையை வட்டத்தின் எட்டு இடங்களில் மாற்றி மாற்றியும் பிடித்துக் குறித்துக்கொண்டே வந்தால், எந்தப் பக்கம் மேடு என்பது தெளிவாகிவிடும். நீண்ட, வளையாத பலகையின் மேல் ரசமட்டத்தை வைத்தும் பார்க்கலாம். ஆனால் பத்தடித் தொலைவுக்கு டியூப் காட்டும் துல்லியம் அதில் கிடைப்பதில்லை.

மேடு பள்ளம் தெரிந்த பின் மேட்டை வெட்டித்தான் சமன் செய்ய வேண்டும். பள்ளத்தை நிரப்பிச் சமன் செய்யக் கூடாது. நிரப்பிய மண் எவ்வளவு இடித்தாலும் பாரம் ஏறியதும் சிறிது இறங்கும். வெட்டிய மண் இறங்காது. வெட்டிய இடத்தில் தண்ணீர் தெளித்துத் திம்சுக் கட்டையால் இடித்து, ஓர் இரவு விட்டு, மறுநாள் மீண்டும் மட்டம் பாருங்கள்.

கோரைப்புல் இருக்கும் முற்றமானால் இன்னொரு வேலையும் உண்டு. கோரையின் குருத்து ஊசிபோல் கூர்மையானது. தார்ப்பாயையும் குளத்தின் பிளாஸ்டிக் உறையையும் கீழிருந்து துளைத்துக்கொண்டு தண்ணீருக்குள் எட்டிப்பார்க்கும் வல்லமை அதற்கு இருக்கிறது. மேலே செதுக்கிவிட்டால் போதாது. மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு வரை தோண்டி எடுத்து, இரண்டு வாரம் காத்திருந்து, மீண்டும் முளைப்பவற்றையும் அகற்றிய பிறகே குளத்தை விரிக்க வேண்டும். களைக்கொல்லி அடிப்பதானால் அதன் உறையில் குறிப்பிட்ட நாள்கள் முழுதாகக் கழியட்டும்.

அதன் மேல் சலித்த பூச்சு மணலை ஓர் அங்குலக் கனத்தில் பரப்பி, ஈரமாக்கித் தட்டி, பலகையால் இழுத்துச் சமன் செய்யுங்கள். மணல் தடிமனாக இருந்தால் மழையிலும், பிள்ளைகள் ஏறி இறங்கும்போது சிந்தும் நீரிலும் ஓரம் கரைந்து ஓடும். மணல்மேல் கனமான தார்ப்பாயோ, குளத்தோடு வரும் தரைவிரிப்போ விரிக்க வேண்டும். சிமென்ட் தரையிலோ பேவர் பிளாக் மேலோ வைப்பவர்களுக்கு மணல் வேண்டாம். ஆனால் கற்களின் இடுக்குகள் உறையில் தழும்பு விழச் செய்யும் என்பதால், அரை அங்குலத் தெர்மாகோல் பலகைகளை நெருக்கமாக அடுக்கி, ஒட்டி, அதன் மேல் விரிப்பைப் போடலாம்.

பிரேமின் கால்கள் மண்ணில் நேரடியாக நிற்கக் கூடாது. ஒவ்வொரு காலுக்கும் கீழே ஓர் அடிச் சதுரக் கடப்பைக் கல்லை, அதன் மேற்பரப்பு மணல் மட்டத்தோடு ஒன்றும்படி பதித்துவிட்டால் கால் அமிழாது.

பொருத்துதலும் நிரப்புதலும்

உறையைக் காலை வெயிலில் ஒரு மணி நேரம் விரித்து வைத்தால் மடிப்புகள் இளகும். சித்திரை வெயிலில் நண்பகலில் விரித்து வைத்துவிட்டு மறந்துபோனால் இளக்கம் மிகுந்து, இழுக்கும்போது தையல் ஓரங்கள் நீளும். உறையைத் தரையில் இழுக்கவே கூடாது; நான்கு பேர் நான்கு பக்கம் தூக்கி வைக்க வேண்டும். வடிகால் துளை, பின்னாளில் தண்ணீர் போக வேண்டிய திசையைப் பார்த்து இருக்கட்டும். பம்பு இணையும் துளைகள் மின் இணைப்பு உள்ள பக்கத்தை நோக்கட்டும். இவ்விரண்டையும் தண்ணீர் விட்ட பிறகு மாற்ற முடியாது.

கிடைக் குழாய்களை மேல்விளிம்பின் மடிப்புக்குள் சொருகி, இணைப்பிகளால் ஒன்றோடொன்று பிணைத்து, வட்டம் முழுமையான பிறகு கால்களைப் பொருத்துங்கள். கடைசிக் குழாய் எப்போதும் முரண்டு பிடிக்கும். அப்போது அதை மட்டும் வலித்து இழுக்காமல், எதிர்ப்பக்கத்தில் ஒருவர் நின்று வட்டத்தை உள்நோக்கித் தளர்த்திக் கொடுத்தால் அது தானாக அமரும். எல்லா ஊசிகளும் முழுமையாக உள்ளே போயிருக்கின்றனவா என்று கையால் தடவிப் பாருங்கள்.

வடிகால் மூடியை உள்ளும் புறமும் அடைத்துவிட்டு, ஓர் அங்குல உயரத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டு நிறுத்துங்கள். இந்த நேரத்தில் வெறுங்காலோடு உள்ளே இறங்கி, நடுவிலிருந்து விளிம்பு நோக்கிக் கால் பாதத்தால் தேய்த்துச் சுருக்கங்களை நீக்க வேண்டும். சுருக்கத்தில்தான் பின்னாளில் பாசி பிடிக்கும். பிரஷ் அங்கே எட்டாது. ஓர் அங்குலத் தண்ணீர் இன்னொரு உதவியும் செய்யும்: ஒரு பக்கம் நனைந்து மறு பக்கம் உலர்ந்திருந்தால் மட்டம் தவறியிருக்கிறது என்று பொருள். வெளியேற்றித் திருத்துவதற்கு அதுவே கடைசி வாய்ப்பு.

லாரித் தண்ணீர் வாங்குகிறவர்கள், அதன் குழாயை நேராகக் குளத்துக்குள் திறந்துவிட வேண்டாம். அந்த வேகத்தில் வரும் நீர் உறையைத் தள்ளி, அடியிலுள்ள மணலைக் குழிக்கும். குழாய் முனையை ஒரு வாளிக்குள் வைத்து, அந்த வாளி நிரம்பி வழியும்படி செய்தால் வேகம் அடங்கும். பாதி நிறைந்ததும் நிறுத்தி, கால்கள் செங்குத்தாக நிற்கின்றனவா என்று பார்த்து, பிறகு தொடருங்கள். மேல்விளிம்புக் குழாய் செல்லும் மடிப்புக்குக் கீழேயே தண்ணீர் நிற்க வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்று நீரானால், நிரப்புவதற்கு முன்பே ஒரு சோதனை செய்துவிடலாம். வெள்ளை வாளியில் அந்த நீரைப் பிடித்து, ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடரைக் கலக்கி இரவு முழுவதும் வையுங்கள். காலையில் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறி, அடியில் துருப்போன்ற வண்டல் தங்கியிருந்தால் நீரில் இரும்புச்சத்து இருக்கிறது. அத்தகைய நீரை நிரப்பியவர்கள் முதல் நாளே குளோரின் இட்டு, இரும்பு முழுவதும் படியும்வரை பம்பை நிறுத்தி வைத்து, மறுநாள் அடிமண்டியை உறிஞ்சி வெளியேற்றிவிட்டால் அந்தப் பருவம் முழுவதும் தொல்லை இராது.

பம்பும் மின்சாரமும்

குளத்தோடு வரும், கார்ட்ரிட்ஜ் எனும் மடிப்பு வடிகட்டி பொருத்திய சிறிய பம்பு மணிக்கு 1,250 லிட்டர் அளவில்தான் வடிகட்டும். கணக்குப்படி நான்கு மணி நேரத்தில் மொத்தத் தண்ணீரும் ஒருமுறை சுற்றிவர வேண்டும். ஆனால் வடிந்த நீரும் வடியாத நீரும் கலந்துகொண்டே இருப்பதால் நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாவது ஓட்டுவது நல்லது. பம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, தரையில் வைத்து, தலைப்பகுதியிலுள்ள திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றிய பிறகே இயக்க வேண்டும். காற்று அடைத்த பம்பு இரையுமே தவிர இழுக்காது. கார்ட்ரிட்ஜை இரண்டு நாளுக்கு ஒருமுறை குழாய் நீரில் மடிப்பு மடிப்பாகக் கழுவ வேண்டும். பழுப்பு நிறம் கழுவியும் போகாதபோது, பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்தில், மாற்றிவிட வேண்டும். 12 அடிக்கு மேற்பட்ட குளம் வாங்குவோர் தொடக்கத்திலேயே மணல் வடிகட்டிக்குப் போய்விடுவது நீண்ட நோக்கில் சிக்கனம்.

மின் இணைப்பைப் பற்றி எந்தச் சமரசமும் வேண்டாம். 30 மில்லியாம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. எனும் பாதுகாப்புச் சாதனம் பொருத்திய சுற்றிலிருந்து மட்டுமே பம்புக்கு மின்சாரம் தர வேண்டும். சன்னல் வழியாக இழுத்த எக்ஸ்டென்ஷன் வயரைப் புல்தரையில் போட்டு ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. ஆள்கள் தண்ணீரில் இருக்கும்போது பம்பு நின்றிருக்க வேண்டும். கழுவுவதற்குத் திறக்கும்போது சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

நீரின் கணக்கு

தெளிவாகத் தெரியும் தண்ணீர் பாதுகாப்பான தண்ணீர் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. கேரளத்தில் 2024ஆம் ஆண்டில் அமீபாவால் வந்த மூளைக்காய்ச்சலும் அதனால் நேர்ந்த உயிரிழப்புகளும் இதைப் பலருக்கும் உணர்த்தின. நெக்லேரியா எனும் அந்த அமீபா, வெதுவெதுப்பான, குளோரின் போதாத நன்னீரில் வாழ்ந்து மூக்கின் வழியாக மூளைக்கு ஏறுவது. நம் கோடையில் முற்றத்துக் குளத்தின் நீர் 30 டிகிரியை எளிதில் தாண்டிவிடும் என்பதால், குளோரின் ஒருநாள்கூடத் தவறக் கூடாது.

கவனிக்க வேண்டியவை முதன்மையாக இரண்டு: கட்டற்ற குளோரின் (அழுக்கோடு சேர்ந்து செயலிழக்காமல் மிச்சமிருக்கும் குளோரின்) 1 முதல் 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரையிலும், நீரின் அமிலத்தையும் காரத்தையும் காட்டும் பி.எச். அளவு 7.2 முதல் 7.8 வரையிலும் இருக்க வேண்டும். இவை ஒன்றையொன்று சார்ந்தவை. குளோரினைத் தண்ணீரில் கலந்ததும் கிருமியைக் கொல்லும் வேலையைச் செய்வது ஹைப்போகுளோரஸ் அமிலம். பி.எச். 7.2 ஆக இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு குளோரின் அந்த வடிவத்தில் இருக்கும்; 7.5-இல் பாதி, 8-ஐத் தொட்டால் நான்கில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆழ்துளைக் கிணற்று நீரின் பி.எச். பெரும்பாலும் ஏறுமுகமாகவே இருக்கும். மருந்து போட்டும் தண்ணீர் பச்சையாகிறதே என்று அலுத்துக்கொள்பவர்கள் முதலில் பி.எச். அளவைப் பார்க்க வேண்டும்.

கணக்கு எளிது. 1,000 லிட்டரில் 1 பி.பி.எம். ஏற்ற 1 கிராம் தூய குளோரின் தேவை. ஆகவே 4,500 லிட்டருக்கு 4.5 கிராம். அதை 10 சதவீதச் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்திலிருந்து பெற 45 மில்லி வேண்டும். 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட்டில் 7 கிராம். 90 சதவீத டி.சி.சி.ஏ.வில் (டிரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம்) 5 கிராம்; நல்ல நிலையிலுள்ள பிளீச்சிங் பவுடரில் 15 கிராம் வரை.

இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் தண்ணீரைப் பொறுத்தது. பிளீச்சிங் பவுடர் மலிவானது, எங்கும் கிடைக்கும். ஆனால் காற்றுப் பட்டாலே வீரியம் இழக்கும், சுண்ணாம்பு வண்டலை விட்டுச்செல்லும், பி.எச். அளவையும் ஏற்றும். ஏற்கெனவே உப்புக்கடினம் மிகுந்த நீரில் இன்னும் சுண்ணாம்பைச் சேர்ப்பதால் சுவரில் வெள்ளைப் படலம் படியும். வேறு வழி இல்லையென்றால் அதை வாளியில் கரைத்து, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். டி.சி.சி.ஏ. அமிலத்தன்மை கொண்டது; அதனால் கடின நீருக்குப் பொருந்தும். அதிலுள்ள சயனூரிக் அமிலம் வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கும். ஆனால் அந்த அமிலம் தண்ணீரிலேயே சேர்ந்துகொண்டே போகும்: 10 பி.பி.எம். குளோரினுக்கு 6 பி.பி.எம். வீதம். நாள்தோறும் 2 பி.பி.எம். இட்டால் இரண்டு மாதத்தில் அது 70-ஐத் தாண்டி, குளோரினின் வேகத்தையே மந்தமாக்கிவிடும். 30 முதல் 50 வரைதான் நல்லது. ஆகவே முதல் மூன்று, நான்கு வாரம் டி.சி.சி.ஏ.வைப் பயன்படுத்திவிட்டுப் பிறகு ஹைப்போகுளோரைட் திரவத்துக்கு மாறுவதே என் பரிந்துரை. டி.சி.சி.ஏ. வில்லையை மிதவையில்தான் இட வேண்டும். குளத்துக்குள் எறிந்தால் அது விழுந்து கிடந்த இடத்தில் உறை வெளுத்து, மொறுமொறுத்துப்போகும்.

சயனூரிக் அமிலம் இல்லாத நீரில் நண்பகலில் ஊற்றிய குளோரினின் பெரும்பகுதியைச் சில மணி நேரத்தில் வெயில் தின்றுவிடும். எனவே சூரியன் சாய்ந்த பிறகு, பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது, திரவத்தை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து சுவரோரமாகச் சுற்றி ஊற்றுங்கள். மறுநாள் காலையில் சோதித்து, அளவு 3-க்கு மேல் இல்லை என்று உறுதியான பின்னரே பிள்ளைகளை இறக்குங்கள்.

சோதனைப் பெட்டிகளில் மஞ்சள் நிறம் காட்டும் சொட்டுமருந்து வகை மொத்தக் குளோரினை மட்டும் காட்டும். இளஞ்சிவப்பு காட்டும் டி.பி.டி. வகை கட்டற்ற குளோரினைத் தனியாகக் காட்டும் என்பதால், சற்று விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். மாதிரி நீரை மேற்பரப்பில் மொள்ளாமல், முழங்கை ஆழத்தில், பம்பிலிருந்து நீர் திரும்பும் வாய்க்கு எதிர்ப்புறத்தில் எடுக்க வேண்டும். நீச்சல்குளத்தில் மூக்கைத் துளைக்கும் அந்த 'குளோரின் வாடை' குளோரின் அதிகமானதால் வருவதாக எண்ணிப் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செயலிழந்த குளோரமீனின் வாடை அது. அப்போது குளோரினைக் கூட்டித்தான் அதை எரித்து வெளியேற்ற வேண்டும்.

பி.எச். 7.8-ஐத் தாண்டினால் 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை 30 முதல் 40 மில்லி எடுத்து, ஒரு வாளித் தண்ணீருக்குள் மெல்ல ஊற்றிக் கலந்து, அதைக் குளத்தில் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் சோதியுங்கள். அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கழிவறை கழுவும் வண்ணத் திரவங்களில் சோப்பும் சாயமும் கலந்திருக்கும். அவை இதற்கு ஆகா. பி.எச். நிலையில்லாமல் ஏறி இறங்கினால் நீரின் காரத்தன்மை, அதாவது பி.எச். மாறாமல் தாங்கிப் பிடிக்கும் திறன், குறைவு என்று பொருள். 80 முதல் 120 பி.பி.எம். வரை இருக்க வேண்டிய அதனை 10 பி.பி.எம். உயர்த்த, நம் குளத்துக்கு 75 கிராம் சமையல் சோடா போதும்.

அமிலமும் குளோரின் மருந்தும் ஒரே வாளியில், ஒரே கரண்டியில்கூடச் சந்திக்கக் கூடாது. உடனே நச்சு வாயு கிளம்பும். கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் டி.சி.சி.ஏ.வும் ஒன்றோடொன்று கலந்தாலும் தீப்பற்றும், வெடிக்கும். இரண்டும் வெள்ளையாக, ஒன்றுபோலவே தோன்றும் என்பதால் டப்பாக்களில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி, தனித்தனி இடத்தில் வையுங்கள்.

அன்றாடத் துப்புரவு

காலையில் வலையால் இலைகளை அள்ளுவது ஐந்து நிமிட வேலை. பங்குனி, சித்திரையில் வேப்பம்பூ கொட்டும் வீடுகளில் அதுவே அரை மணி நேரமாகும். முருங்கை இலை வலையின் கண்களில் நுழைந்து கார்ட்ரிட்ஜ் மடிப்பில் போய் அடையும். வலைமேல் பழைய நைலான் காலுறையை இழுத்து மாட்டிவிட்டால் அதுவும் சிக்கும். காகங்கள் எங்கிருந்தோ கொத்திவந்த எலும்பையும் வடைத் துண்டையும் தண்ணீரில் நனைத்துத் தின்னும் வழக்கமுள்ளவை. ஆள் இல்லாத நேரத்தில் குளத்தை மூடி வைப்பதற்கு அந்த ஒரு காரணமே போதும்.

மூடியின் மேல் தேங்கும் மழைநீரை மறக்கக் கூடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த, அசையாத நீரைத்தான் தேடி முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். குளோரின் இட்டுப் பம்பு ஓடும் குளத்துக்குள் அது வளர்வது அரிது. மூடியின் குழிவில் நிற்கும் இரண்டு லிட்டர் நீரில்தான் அது வளரும். மூடிக்குக் கீழே, குளத்தின் நடுவில் ஒரு பெரிய ரப்பர் பந்தை மிதக்கவிட்டால் மூடி கூடாரம்போல் உயர்ந்து நீர் வழிந்தோடும்.

எண்ணெய் தேய்த்த தலையோடு யாரும் இறங்கக் கூடாது. குளத்துக்கு அருகே ஒரு குழாயையும், ஏணிக்குக் கீழே கால் அலம்பும் அகலத் தொட்டியையும் வைத்தால் பாதி அழுக்கு வெளியிலேயே நின்றுவிடும். மீறி நீர்மட்டத்தில் படியும் பிசுக்கு வளையத்தைச் சமையல் சோடாவைக் குழைத்து மென்மையான துணியால் துடைத்தெடுங்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரும் சலவைத் தூளும் ஆகா.

வாரம் ஒருமுறை நைலான் பிரஷால் சுவரையும் அடியையும் தேய்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பாசி முதலில் கைக்கு வழுவழுப்பாகத் தட்டுப்படும். அந்த நிலையிலேயே தேய்த்துவிட்டால் குளோரின் மீதியைப் பார்த்துக்கொள்ளும். தேய்த்ததும் இரண்டு மணி நேரம் அசையாமல் விட்டு, அடியில் படிந்ததை உறிஞ்சி எடுங்கள். இதற்கென விற்கும் கருவி இல்லாவிட்டாலும், அகலமான வாய் கொண்ட குழாயைக் கழியில் கட்டி, தண்ணீர் நிரப்பி, மறு முனையைத் தாழ்வான தோட்டத்தில் விட்டால் சைஃபன் முறையில் அழுக்கு தானே இழுபடும். கழியை மெதுவாக நகர்த்துவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அவசரப்பட்டால் மண்டி முழுவதும் கிளம்பிவிடும்.

தண்ணீர் பச்சையாகிவிட்டால் பி.எச். அளவை 7.2 அருகே கொண்டுவந்து, குளோரினை 10 பி.பி.எம். வரை ஏற்றுங்கள். நம் குளத்துக்கு அது 450 மில்லி ஹைப்போகுளோரைட் திரவம். இரவும் பகலும் பம்பு ஓடட்டும். சுவரைத் தேய்த்துக்கொண்டே இருங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை கார்ட்ரிட்ஜைக் கழுவுங்கள். குளோரின் அளவு இறங்க இறங்க மீண்டும் ஏற்றுங்கள். பச்சை மாறிச் சாம்பல் கலந்த வெண்மை வந்தால் பாசி செத்துவிட்டது என்று அறியலாம். அந்தக் கலங்கலைப் படியச் செய்ய நம் வீட்டுப் படிகாரமே போதும். 1,000 லிட்டருக்கு 20 முதல் 30 கிராம் வரை கரைத்து ஊற்றி, பம்பை நிறுத்தி ஓர் இரவு விட்டால் காலையில் அடியில் மென்மையான படலமாக இறங்கியிருக்கும். அதை வடிகட்டி வழியாக இழுத்தால் கார்ட்ரிட்ஜ் அடைத்துக்கொள்ளும். சைஃபனால் வெளியே விட்டுவிட வேண்டும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டால் பாசி வராது என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. பாசி வராதுதான், ஆனால் செம்பு உறையில் கறையாகப் படியும், தலைமுடியிலும் பச்சை ஏறும். அடி தெரியாத அளவுக்குப் பச்சையாகிவிட்ட சிறிய குளத்தோடு ஒரு வாரம் மல்லுக்கட்டுவதைவிட, அந்த நீரை மரங்களுக்கு விட்டுவிட்டுப் புதிதாக நிரப்புவதே மேல்.

குழந்தை தண்ணீரில் மலம் கழித்துவிட்டால் எல்லாரையும் உடனே வெளியேற்றுங்கள். கெட்டியான மலமானால் அதை அகற்றி, பி.எச். 7.5-க்கு மிகாமல், குளோரினை 2 பி.பி.எம். அளவில் அரை மணி நேரம் நிறுத்தினால் போதும். வயிற்றுப்போக்கானால் சாதாரண அளவுக் குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியம் எனும் ஒட்டுண்ணி இருக்க வாய்ப்புண்டு. நம் குளத்தின் அளவுக்கு முழுவதையும் வெளியேற்றிக் கழுவுவதுதான் தெளிவான வழி.

நீர்மட்டம் குறைந்தால் உடனே ஓட்டை என்று முடிவு கட்ட வேண்டாம். கோடையில் நாளொன்றுக்கு ஐந்து முதல் எட்டு மில்லிமீட்டர் வரை ஆவியாவது இயல்பு. நம் குளத்தில் அது 35 முதல் 60 லிட்டர். ஐயம் இருந்தால் குளத்து நீரையே நிரப்பிய வாளியை ஏணிப்படியில் வைத்து, வாளியின் மட்டத்தையும் குளத்தின் மட்டத்தையும் குறித்து, மறுநாள் ஒப்பிடுங்கள். குளத்தில் மட்டும் அதிகமாக இறங்கியிருந்தால் ஓட்டை உண்டு. தண்ணீருக்கு அடியிலேயே ஒட்டும் வினைல் ஒட்டுத்துணி கடைகளில் கிடைக்கிறது.

பிள்ளைகளைக் காத்தல்

இந்தக் குளத்தில் பெரியவர்களுக்கு இடுப்பளவுத் தண்ணீர்கூட இராது. மூன்று வயதுக் குழந்தை மூழ்க அது தாராளம். மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவதுபோலக் கையை ஆட்டிக் கத்துவதில்லை; ஓசையின்றி ஓரிரு நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். பெரியவர் ஒருவர் கைப்பேசியைப் பார்க்காமல், கை எட்டும் தொலைவில் இருந்தே ஆக வேண்டும். அவர் எழுந்து போனால் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். குளித்து முடிந்ததும் ஏணியை எடுத்துப் பூட்டிவையுங்கள். நாற்காலி, கவிழ்த்த வாளி, பம்பு ஆகியவையும் குழந்தைக்கு ஏணிதான். முடிந்தால் நான்கடி உயர வேலியும், தானாகச் சாத்திக்கொள்ளும் கதவும் அமையுங்கள். தார்ப்பாய் மூடி காப்பு ஆகாது; அதன் மேல் ஏறும் குழந்தை அதோடு சேர்ந்து உள்ளே போகும்.

பருவம் முடிந்ததும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதற்குள் குளத்தைக் கழற்றிவிடுவது நல்லது. தொடர்மழையில் அடிமண் ஊறி, கால்கள் நிலைகுலையும். குளோரின் இடுவதை நிறுத்தி, மூன்று, நான்கு நாள் வெயிலில் மூடாமல் விட்டு, சோதனையில் அளவு பூச்சியம் காட்டிய பிறகு வடிகாலில் தோட்டக்குழாயை இணைத்துத் தென்னைக்கும் வாழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாய்ச்சுங்கள். சுவரை அமுக்கி ஒரேயடியாகக் கொட்டினால் பக்கத்து வீட்டு வாசலில்தான் போய் நிற்கும். கிணற்றிலோ ஏரியிலோ இந்த நீரை விடக் கூடாது.

உறையை மென்சோப்பு நீரில் கழுவி, நிழலில் இருபுறமும் காயவைத்து, முகப்பவுடர் தூவி, பழைய மடிப்புக் கோட்டிலேயே மடிக்காமல் தளர்வாகச் சுருட்டுங்கள். சிறிது ஈரம் தங்கினாலும் கரும்பூஞ்சணம் பிடித்துக் கறை நிரந்தரமாகிவிடும். அட்டைப்பெட்டியில் வைத்தால் எலிக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகும். மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் வையுங்கள். பிரேம் குழாய்களின் உள்ளே நின்ற நீரை வடித்து, துருப்பிடித்த இடங்களைத் தேய்த்து வண்ணம் பூசி, எந்தக் குழாய் எங்கே என்று குறித்துக் கட்டிவிடுங்கள். மீதமான ஹைப்போகுளோரைட் திரவம் அடுத்த கோடைவரை வீரியத்தோடு இராது. தரை கழுவப் பயன்படுத்தித் தீர்த்துவிடலாம், ஆனால் அதே நேரத்தில் கழிவறை அமிலம் அங்கே இருக்கக் கூடாது.